மலையில் இருப்பவருக்கு மழை தெரியாதா?

2024 ஜூலை 31. கேரளத்தின் வயநாட்டில், முந்தைய நாள் மலை சரிந்த முண்டக்கையிலும் சூரல்மலையிலும் சேற்றைக் கிளறி ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அன்று மாநிலங்களவையில் உள்துறை அமைச்சர் அமித் ஷா பேசினார். ஜூலை 23 முதலே கேரளத்தை எச்சரித்தோம், 26ஆம் தேதி இருபது சென்டிமீட்டருக்கு மேல் மழை வரலாம், மண் சரியலாம் என்றும் சொன்னோம், மக்களை ஏன் வெளியேற்றவில்லை என்று கேட்டார். அன்றே கேரள முதல்வர் பினராயி விஜயன் மறுத்தார். சரிவுக்கு முன்பு வயநாட்டுக்கு இருந்தது ஆரஞ்சு எச்சரிக்கைதான், சிவப்பு எச்சரிக்கை வந்தது 30ஆம் தேதி காலை ஆறு மணிக்கு, எல்லாம் முடிந்த பிறகு என்றார். அடுத்த வாரம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ், சட்டவிரோதக் குடியிருப்புகளைக் காரணம் காட்டினார்.

தில்லியும் திருவனந்தபுரமும் மோதிக்கொண்ட அந்த நாட்களில் சத்தமில்லாமல் மூன்றாவதாக ஒருவர் கூண்டில் ஏற்றப்பட்டார். அவர் செத்துப்போனவர். அங்கே போய் ஏன் குடியிருந்தார், சொன்ன பிறகும் ஏன் இறங்கவில்லை என்று டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை கேட்டார்கள். மலைச்சரிவுகளில் வாழ்கிறவர்களுக்கு ஆபத்தின் அளவு புரிவதில்லை, புரிந்தாலும் விதி என்று கிடப்பார்கள், எச்சரித்தால் பிடிவாதம் பிடிப்பார்கள், ஆகவே அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டவேண்டும் என்பது இப்போது படித்தவர்களின் பொதுக்கருத்தாகவே ஆகிவிட்டது. இதன் ஒவ்வொரு பகுதியும் தவறு என்பது என் கட்சி. கடைசிப் பகுதி தவறு என்பதோடு ஆபத்தானதும்கூட.

“அவர்களுக்குத் தெரியாது”

முண்டக்கையில் 1984லேயே மலை சரிந்து 14 பேர் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று பக்கத்துப் புத்துமலையில் 17 பேர். 2020ல் முண்டக்கையிலேயே மறுபடியும் ஒரு சரிவு. இத்தனையையும் கண்ணால் கண்ட ஊருக்கு மலை சரியும் என்று தெரியாது என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

மலைக்காரர்கள் மழையைப் பார்க்கிற விதமே வேறு. சமவெளியில் நாம் வானத்தைப் பார்ப்போம், அவர்கள் ஓடையைப் பார்ப்பார்கள். தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானால் மேலே எங்கோ மண் பிடிவிட்டிருக்கிறது. கொட்டுகிற மழையில் ஓடை சுருங்கினால் அது இன்னும் மோசம்: மேலே மண்ணும் மரமும் அடைத்துக்கொண்டிருக்கின்றன, உடைந்தால் மொத்தமாக வரும். தரையில் புது வெடிப்பு, சாயும் மரம், இதுவரை ஊற்றில்லாத இடத்தில் கசியும் நீர், திடீரென்று இறுகி மூட மறுக்கும் கதவு. இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் முன்னறிகுறிகளும் பெரும்பாலும் இவைதான். நிபுணர்களின் பட்டியலும் கொழுந்து பறிக்கிற பாட்டியின் பட்டியலும் இவ்வளவு ஒத்துப்போகிற துறை வேறெதுவும் எனக்குத் தெரியாது.

கண்ணால் பார்ப்பதோடு அளந்தும் பார்க்கிறார்கள். கல்பற்றாவில் உள்ள ஹியூம் சூழலியல் மையம் வயநாடு முழுக்க இருநூறுக்கும் மேற்பட்ட மழைமானிகளை வைத்திருக்கிறது. விவசாயிகளும் தோட்டத்துக்காரர்களும்தான் அவற்றை நாள்தோறும் பார்த்து அளவைச் சொல்கிறார்கள். 2020ல் இந்தக் கணக்கைக்கொண்டு மையம் எச்சரித்தது, முண்டக்கையிலிருந்து மக்கள் இறக்கப்பட்டார்கள், பிறகு மலை சரிந்தது, உயிர் போகவில்லை. 2024 ஜூலை 29 காலையிலும் அதே மையம் மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் கொடுத்தது. சரிவுக்குக் கிட்டத்தட்ட பதினாறு மணி நேரம் முன்பு! அந்த மலையில் 48 மணி நேரத்தில் பெய்தது 572 மில்லிமீட்டர். இரு அரசுகளும் யார் எப்போது எச்சரித்தார்கள் என்று சண்டையிட்டபோது, ஊர்க்காரர்கள் அளந்து சொன்ன கணக்கைப் பற்றி இருவருமே அதிகம் பேசவில்லை.

இமயத்துக்குப் போனாலும் கதை இதுதான். சிக்கிமில் தீஸ்தா ஆற்றில் அணைகள் கட்டக் கூடாது என்று லெப்சா இளைஞர்கள் 2007ல் காங்டாக்கில் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். சோங்கு பள்ளத்தாக்கில் சில திட்டங்கள் கைவிடப்பட்டன. மற்ற இடங்களில் அணைகள் எழுந்தன. தெற்கு லோனாக் பனியேரி உடையக்கூடியது என்பதும் இரகசியமல்ல. 2016ல் குழாய் வைத்து அதிலிருந்து நீரை உறிஞ்சி வெளியேற்றவே முயன்றார்கள். 2023 அக்டோபர் 3 இரவு ஏரி உடைந்தது. சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் அணை அடித்துச் செல்லப்பட்டு, அதில் தேங்கியிருந்த நீரும் வெள்ளத்தோடு சேர்ந்துகொண்டது. ஆபத்து யாருக்குப் புரியவில்லை? உண்ணாவிரதம் இருந்தவர்களுக்கா, கையெழுத்துப் போட்டவர்களுக்கா?

“சொன்னாலும் போகமாட்டார்கள்”

இந்த வாதத்தின் உச்சத்தைக் கேட்டது மீரியபெத்தையில். இலங்கையின் பதுளை மாவட்டம், கொஸ்லந்தைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். 2014 அக்டோபர் 29 காலை ஏழரை மணி வாக்கில் மலை இறங்கி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள், அநாதைகளாக. உடனே அரசுத் தரப்பிலிருந்து வந்த பதில், 2005லும் 2011லும் எச்சரித்தோம், இவர்கள் நகரவில்லை என்பது. எச்சரித்தது உண்மை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்தச் சரிவு ஆபத்தானது, ஆட்களை வேறிடம் மாற்றவேண்டும் என்று சொல்லியிருந்தது.

எங்கே மாற்றுவது? இந்தக் கேள்விக்கு ஒன்பது ஆண்டுகளில் யாரும் பதில் தரவில்லை. மீரியபெத்தைக்காரர்கள் சொன்னதும் அதுதான்: போகச் சொன்னார்கள், போக இடம் தரவில்லை. லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். குடியிருப்பவருக்கு அதன்மேல் உறுதிப் பத்திரம் கிடையாது. வெளியே நிலம் வாங்கத் தோட்டச் சம்பளம் எந்தக் காலத்திலும் போதாது. உள்ளூராட்சி சபை ஏதாவது செய்திருக்கலாமே என்றால், 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018ல்தான். சரிவு நடந்தபோது ஒரு வடிகால் வெட்டித் தரக்கூடச் சபைக்குச் சட்டப்படி கை கட்டப்பட்டிருந்தது. பிழைத்தவர்களுக்கு மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கைக்கு வந்தது ஈராண்டு கழித்து, 2016ல். சாவுக்குப் பிறகு ஈராண்டில் முடிந்த காரியம், சாவுக்கு முன்பு ஒன்பது ஆண்டுகளில் முடியவில்லை. இதில் பிடிவாதம் பிடித்தது யார்?

ஒரேயடியாக வீட்டைவிட்டுப் போவது இருக்கட்டும், ஒரு மழை நாளுக்கு மட்டும் இறங்குவது என்றாலே என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். தோட்டத்தில் மலைக்குப் போனால்தான் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். குறித்த கிலோவுக்குக் குறைந்தால் அரைப் பேர். எச்சரிக்கை நாளில் முகாமுக்குப் போனவளுக்கு அன்றைய பேரை யார் போடுவது? முகாம் என்பது பெரும்பாலும் பள்ளிக்கூடம். ஐம்பது குடும்பத்துக்கு இரண்டு கழிப்பறை, மாதவிலக்கில் இருக்கிற பெண்ணுக்கு மறைவிடம் கிடையாது, படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரைத் தூக்கிச் செல்ல ஆள் கிடையாது. மாட்டையும் ஆட்டையும் அங்கே சேர்க்கமாட்டார்கள். கறவை மாடு ஒரு குடும்பத்தின் சேமிப்பு. அதைக் கட்டுத்தறியில் விட்டுவிட்டு ஓடு என்பது நகரத்துக்காரரிடம் வங்கிப் புத்தகத்தைத் தெருவில் போட்டுவிட்டு வா என்பதற்குச் சமம்.

இதற்கு மாறாக ஒன்றைச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமத்துக்கு மேலே இருந்த பிர்ச் பனிப்பாறை பிடி தளர்ந்தபோது, 2025 மே 19 அன்று சுமார் 300 பேரையும் வெளியேற்றினார்கள். மாடுகளையும் இறக்கினார்கள். நடக்க முடியாத ஒரு பசுவை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுபோன படம் உலகமெங்கும் வந்தது. ஒன்பது நாள் கழித்து மலையும் பனியும் ஒருசேர இறங்கி ஊரை மூடியபோது இறந்தவர் ஒருவர். மலைவாசிகள் நகரமாட்டார்கள் என்பது இயற்கை விதியென்றால் பிளாட்டன்காரர்கள் எப்படி நகர்ந்தார்கள்? அவர்கள் நம்மைவிட அறிவாளிகளா? விட்டுவந்த வீட்டுக்குக் காப்பீடு இருந்தது, திரும்ப வாழ ஓர் இடம் அமைத்துத் தருவோம் என்று சொல்ல ஓர் அரசு இருந்தது, பசுவும் கணக்கில் இருந்தது. 2020ல் முண்டக்கைக்காரர்கள் இறங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறங்க வழி இருந்த இடத்தில் மனிதர்கள் இறங்கியே இருக்கிறார்கள்.

“எச்சரிக்கை விட்டோமே”

விட்டார்கள்தான். யாருக்கு, எந்த அளவில், எந்த மொழியில், எந்த நேரத்தில் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வயநாடு மாவட்டம் 2,100 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் வறண்ட முள்ளன்கொல்லியும் உண்டு, மழை கொட்டும் மேப்பாடியும் உண்டு. மாவட்டம் முழுமைக்கும் ஒரே நிறத்தில் எச்சரிக்கை விட்டால் மேப்பாடிக்காரருக்கு அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? தென்மேற்குப் பருவத்தில் ஆரஞ்சு என்பது அங்கே அன்றாடச் செய்தி. புலி வருது புலி வருது என்று தினமும் கூவினால் நிஜப் புலி வரும் நாளில் கேட்க ஆளிருக்காது என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதையில் பொய் சொன்னவன் ஆட்டிடையன். இங்கே பழி கேட்டவர்மேல் விழுகிறது. போதாததற்கு, இந்தியப் புவியியல் ஆய்வகம் 29ஆம் தேதி தந்த நிலச்சரிவு முன்னறிவிப்பில் வயநாட்டுக்குப் பச்சை நிறம்தான் இருந்தது என்று கேரள முதல்வரே சுட்டிக்காட்டினார். வானிலைத் துறை ஆரஞ்சு, புவியியல் துறை பச்சை, ஊர்க்காரர் வைத்த மழைமானி அபாயம். மூன்றில் எது சரியென்று நிரூபிக்க மலைக்கு ஓர் இரவு போதுமாக இருந்தது.

பெட்டிமுடியில் எச்சரிக்கையின் நிறத்தைப் பற்றிய பேச்சே எழவில்லை. மூணாறு, ராஜமலைக்கு அப்பால், 2020 ஆகஸ்ட் 6 இரவு பதினொரு மணி வாக்கில் நான்கு லயங்கள் மண்ணுக்குள் போயின. உடல் கிடைக்காத நான்கு பேரையும் சேர்த்து, இறந்தவர் எண்ணிக்கை எழுபது. பெரும்பாலோர் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கப் போனவர்கள். அன்று ஒரே நாளில் பெய்த மழை 600 மில்லிமீட்டருக்கும் மேல். நாட்கணக்கில் மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரம் செத்துக்கிடந்தது. நடந்தது வெளியே தெரிந்தது மறுநாள் காலையில், பிழைத்தவர்கள் நடந்துபோய்ச் சொன்ன பிறகு. வழியில் பெரியவாரைப் பாலமும் பழுதாகிக் கிடந்ததால் மீட்புப் படை போய்ச் சேரவே பாடாய்ப் பட்டது. செத்துப்போன செல்போனுக்கு எந்தக் குறுஞ்செய்தியை அனுப்பி எச்சரிப்பது?

மொழி இன்னொரு தகராறு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையின் மலையகத்தைப் புரட்டிப்போட்டது. கண்டி, பதுளை, நுவரெலியா எங்கும் சரிவு. நாடு முழுக்க இறந்தவர்கள் அறுநூறுக்கும் மேல். தமிழில் எச்சரிக்கைகள் தாமதமாகவும் அரைகுறையாகவும் வந்தன என்று அப்போது கடுமையான விமர்சனம் எழுந்தது. மலையகத்தின் மிக ஆபத்தான சரிவுகளில் இருப்பவர்களில் பலர் தமிழர்கள் என்று தெரிந்த ஒரு நாட்டில்!

அரசின் எச்சரிக்கை வராத இடங்களில் வேறு ஏதாவது வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 5 அன்று உத்தரகாசி மாவட்டத்தின் தராலியில் கீர் ஓடை பொங்கி வந்து கடைத்தெருவையும் விடுதிகளையும் மூடியது. ஆற்றின் மறுகரையில் உயரத்தில் இருக்கும் முக்பா ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு விசிலடித்தார்கள், ஓடு ஓடு என்று கத்தினார்கள். அந்தக் காணொளியில் விசில் சத்தம் கேட்கிறது. 2021 பிப்ரவரி 7 அன்று சமோலியில் ரிஷிகங்கா பொங்கியபோது, மலைமேலிருந்து வெள்ளத்தைப் பார்த்த ஒரு தாய் கீழே தபோவன் அணையில் வேலை செய்துகொண்டிருந்த மகனுக்குப் போன் போட்டு ஓடச் சொன்னார். மகனும் கூட இருந்தவர்களும் பிழைத்தார்கள். அதே அணையின் சுரங்கத்துக்குள் இருந்தவர்களுக்கு அபாயச் சங்கு எதுவும் ஒலிக்கவில்லை. பல கோடி ரூபாய்த் திட்டத்தில் இருந்த ஒரே முன்னெச்சரிக்கைக் கருவி ஓர் அம்மாவின் செல்போன்.

“சட்டவிரோதமாகக் குடியேறினார்கள்”

இதற்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. மூணாற்றின் கண்ணன் தேவன் மலை பூஞ்சாறு அரசரிடமிருந்து மன்றோ என்ற வெள்ளைக்காரர் கைக்கு வந்தது 1877ல். காட்டைத் திருத்த ஆள் பிடித்து ஏற்றியவர்கள் கங்காணிகள். லயம் எங்கே வரவேண்டும் என்று முடிவு செய்தவர் துரை. தேயிலைக்கு ஏற்ற சரிவைச் செடிக்கு ஒதுக்கிவிட்டு, பெரும்பாலும் ஓடைத் தண்ணீர் கைக்கெட்டும் மடிப்புகளில் லயத்தைக் கட்டினார்கள். மலை சரிந்தால் மண் இறங்கும் வழியும் அந்த மடிப்புதான். 1924 வெள்ளத்தில் மூணாறு அழிந்து, மலை ரயிலே ஒன்றுமில்லாமல் போன பிறகும் லயங்கள் அதே மாதிரி இடங்களில்தான் திரும்ப எழுந்தன. பெட்டிமுடிக்காரரும் மீரியபெத்தைக்காரரும் எந்த நிலத்தையும் வளைக்கவில்லை. வளைக்கத் தெரிந்திருந்தால் நல்ல நிலமாகப் பார்த்து வளைத்திருக்கமாட்டார்களா?

ஓடையோரத்து ரிசார்ட்டுகளையும், ஆற்றின் வண்டல் மேட்டில் நின்ற தராலி விடுதிகளையும் பற்றிச் சொல்கிறீர்கள் என்றால் மறுபேச்சு இல்லை. இமயத்தில் பழைய ஊர்கள் பல ஆற்றைவிட்டு உயரத்தில்தான் இருக்கின்றன. தராலியிலும் பழைய ஊர் மேலே, கடைத்தெரு கீழே. அன்று ஊர்க்காரர்கள் பலர் மேலே கோயில் திருவிழாவில் இருந்ததால் பிழைத்தார்கள். முன்னோர் இடம் தேர்ந்தெடுத்ததே ஒரு முன்னேற்பாடு. அதைக் கலைத்துக் கீழே இழுத்துவந்தது சாலையும் சுற்றுலாவும்.

“எல்லாம் விதி என்று இருந்துவிடுகிறார்கள்”

மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பவர் மழைமானியைப் பார்க்கமாட்டார் என்று நினைப்பது மலையை அறியாதவரின் கற்பனை. 2013 ஜூன் 16 அன்று, உத்தராகண்டின் ஸ்ரீநகர் அணைக்காக அலக்நந்தா கரையில் இருந்த தாரி தேவியின் சிலையைப் பெயர்த்து எடுத்தார்கள். மறுநாள் கேதார்நாத் பேரழிவு. தேவியின் கோபம் என்று ஊரே சொன்னது. அதை மூடநம்பிக்கை என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தச் சிலையை நகர்த்தக் கூடாது, அந்த அணை வேண்டாம் என்று ஆண்டுக்கணக்கில் போராடியவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். நம்பிக்கையும் எதிர்ப்பும் ஒரே வீட்டில் குடியிருந்தன. லயத்தில் “சாமி பாத்துக்கும்” என்று சொல்கிற கிழவரைக் கொஞ்சம் கூர்ந்து கேட்டால், பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறார் என்று புரியும்.

“விழிப்புணர்வுதான் தேவை”

கடைசியாக, எல்லாரும் ஒத்துக்கொள்ளும் இந்தத் தீர்வுக்கு வருகிறேன். பந்தல் போட்டு, பதாகை கட்டி, ஒத்திகை நடத்தி, வடையும் டீயும் தந்து அனுப்பும் முகாம்.

ஜெர்மனியின் வாக்கிங்கர், ரென் முதலிய ஆய்வாளர்கள் இயற்கை அபாயங்களை மக்கள் எப்படி உணர்கிறார்கள் என்ற ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2013ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆபத்தை அதிகம் உணர்ந்தவர்களே அதிகம் தயாராக இருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு பல இடங்களில் பொய்த்துப்போனதை அவர்கள் காட்டினார்கள். காரணங்கள் மூன்று: அங்கே இருப்பதன் பலன் ஆபத்தைவிடப் பெரிதாக இருக்கலாம், பார்த்துக்கொள்ள அரசு இருக்கிறது என்ற நம்பிக்கை இருக்கலாம், அல்லது செய்வதற்குக் கையில் வசதியே இல்லாமல் இருக்கலாம். தோட்டத்து லயத்துக்கு மூன்றாவது காரணம் அப்படியே பொருந்தும். அறிவைக் கூட்டினால் செயல் கூடும் என்பது வசதி உள்ளவருக்குப் பொருந்துகிற கணக்கு.

கையில் இருப்பதைக் கொண்டு மலைக்காரர்கள் செய்யாததும் இல்லை. ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் சுற்றிக் கதவருகே தொங்கவிடுகிறார்கள். மழை வலுத்தால் பிள்ளைகளைத் தோட்டத்தின் பாதுகாப்பான டிவிஷனில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். முறைவைத்து விழித்திருக்கிறார்கள். சிப்கோ இயக்கத்தின் ஊரான ரைணியில், 2021 ரிஷிகங்கா வெள்ளத்துக்குப் பிறகு கன மழை நாட்களில் ஊர்க்காரர்கள் மேலே காட்டுக்குள் போய் இரவைக் கழித்தார்கள். இதெல்லாம் எந்த முகாமும் சொல்லித் தராதவை. எந்தப் புள்ளிவிவரத்திலும் “முன்னேற்பாடு” என்ற தலைப்பில் ஏறாதவை.

உள்ளூர் அறிவே போதும் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் புகழ்பாடுபவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. அனுபவத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. வயநாட்டில் 1,550 மீட்டர் உயரத்தில் பிடுங்கிக்கொண்ட சரிவு ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் ஓடியது. முன்பு வந்தவற்றைக் கண்டவர்கள் சூரல்மலைக் கடைத்தெரு வரை அது வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ரைணியில் வெள்ளம் வந்தது மழையில்லாத பிப்ரவரிக் காலையில். ரோன்டி சிகரத்திலிருந்து சுமார் 270 இலட்சம் கனமீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்ததை எந்த ஓடையின் நிறமும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. அங்கே செயற்கைக்கோளும் கருவியும் விஞ்ஞானியும் வேண்டும். நினைவில் இல்லாத ஆபத்தைச் சொல்வதுதான் அறிவியலின் வேலை. தெரிந்த ஆபத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, எச்சரித்தோம் என்று கணக்கெழுதுவது வேறு வேலை.

விழிப்புணர்வு என்ற சொல் ஆபத்தானது என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம், அது பொறுப்பைக் கைமாற்றுகிறது. முகாம் நடந்துவிட்டால் அடுத்த சரிவில் குற்றம் முகாமுக்கு வந்தவர்மேல் விழும், “சொல்லித் தந்தோமே” என்று. வடிகால் வெட்டாத தோட்டம், இடம் தராத அரசு, மாவட்டத்துக்கு ஒரே நிறம் பூசுகிற அலுவலகம் மூன்றும் வெளியே நின்றுகொள்ளும்.

செய்யவேண்டியவை ஒன்றும் வானத்தை வில்லாக வளைக்கிற காரியம் இல்லை. ஒவ்வொரு டிவிஷனிலும் மழைமானி, இத்தனை மில்லிமீட்டர் தாண்டினால் வேலை நிறுத்தம், அன்றைக்கு முழுப் பேர். மாடு கட்டவும் இடமுள்ள, கழிப்பறையுள்ள ஒரு தங்குமிடம். சங்கை ஊத மாவட்டத் தலைநகரின் அனுமதிக்குக் காத்திராமல், மழையை அளக்கிறவருக்கே அதிகாரம். ஆபத்தான சரிவென்று நிபுணர் எழுதித் தந்த நாளிலிருந்து இத்தனை மாதத்துக்குள், குடியிருப்பவர் பேரில் பத்திரத்தோடு வேறு நிலம். நீலகிரிக்காரர்கள் இதை இப்போதே கேட்கவேண்டும். 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோரை மண்ணுக்குக் கொடுத்த மாவட்டம் அது. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. 2024 ஜூலையில் தொடங்கிய தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் முதலில் எடுத்துக்கொண்ட மூன்று மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. அதன் முன்னறிவிப்பு கோத்தகிரி லைன் வீட்டுக்குத் தமிழில், விடியுமுன், வேலைக்குக் கிளம்புமுன் வருகிறதா என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரைக் கேளுங்கள்.

அதையும் மீறி, ஆபத்தை அவர்கள் உணர்வதில்லை என்று யாராவது வாதிட்டால் ரைணியைக் காட்டுங்கள். ரிஷிகங்கா மின்திட்டத்தில் வெடிவைப்பதையும் மண்ணைக் கொட்டுவதையும் எதிர்த்து அந்த ஊரிலிருந்து 2019லேயே நைனிடால் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021 பிப்ரவரியில் வெள்ளம் வந்து இருநூறு பேருக்கு மேல் இறந்தும் காணாமலும் போனார்கள். அதன் பிறகு ரைணியையும் ஜோஷிமட்டையும் சேர்ந்த ஐந்து பேர், திட்டங்களுக்குத் தந்த அனுமதியை ரத்து செய்யுங்கள், ரைணியை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று மறுபடியும் அதே நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். அவர்களை யாரோ பின்னின்று இயக்குகிறார்கள் என்று சொல்லி, 2021 ஜூலை 14 அன்று நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. ஐவருக்கும் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம்.